கேட்காமல் போட்ட பெயர்

ஒஸ்லோத் தமிழருக்குக் கனகரத்தினத்தின் முகத்தை விடக் குரல்தான் பழக்கம். 1993 தொடக்கம் ஒவ்வொரு ஞாயிறும் பகல் இரண்டு மணிக்கு, நகரின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையிலிருந்து ஒலித்த தமிழ் வானொலியில் செய்தி வாசித்தவர் அவர்தான். கலைவிழா மேடையில் ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தால், பின்வரிசையில் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அவர் நிலக்கீழ் ரயில் ஓட்டினார். எட்டு மணித்தியாலம் கண்ணாடிக் கூட்டுக்குள் தனியே, வாய் திறக்க வேண்டாத வேலை. "கிழமை முழுக்கச் சேத்து வெச்சு ஞாயிற்றுக்கிழமையில அவிழ்த்து விடுறார்" என்று மனைவி பூமணி சிரிப்பாள்.

சொந்த ஊர் அம்பிளாந்துறை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வானொலியில் வாசிக்கும்போது அந்த ஊர் அவர் நாக்கில் தெரியாது. முதல் வருடம் ஒருநாள் செய்தியின் நடுவே "மறுகா" என்று சொல்லிவிட்டார். பிறகு என்பதற்கு மட்டக்களப்பார் சொல்லும் சொல். அந்த மாதம் முழுவதும் கண்ட இடமெல்லாம் "மறுகா என்ன நடந்தது அண்ணை?" என்று பகிடிதான். அன்றோடு வாசிப்புக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்று பிரித்துக்கொண்டார். அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை. எல்லோருக்கும் பொதுவான குரல் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும் என்று இருந்தார்.

வானொலிக்கு அவரைக் கூட்டி வந்தவன் இந்திரகுமார். யாழ்ப்பாணத்தான், நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளன். இருவரும் 1987இல் ஒரே விமானத்தில் நோர்வேக்கு வந்தவர்கள். வடக்கே வர்தோவில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டினார்கள். ஒரே அறையில் படுத்தார்கள். முதல் மாரிக் குளிரில் கனகரத்தினத்துக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்தபோது, அவரைக் கப்பலேற்றிக் கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் இந்திரகுமார்தான். பாசை தெரியாத நோயாளி, யார் பொறுப்பு என்று தாதி கேட்டபோது, "நான் அவன்ர தமையன்" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வைத்தான். அதன் பிறகு அந்த இருவரையும் யாரும் வடக்கு, கிழக்கு என்று பிரித்துப் பார்த்ததில்லை. பூமணியின் கையால் மட்டக்களப்புத் தயிரும் பழமும் சாப்பிட்டுவிட்டு, "உங்கடை ஆக்கள் பாயோடை ஒட்ட வைச்சிடுவினமாம், நான் கதிரையிலதான் இருப்பன்" என்று இந்திரகுமார் பகிடி விடுவான். வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று மட்டக்களப்பாரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு பழங்கதை. பூமணி அகப்பையைத் தூக்குவாள்.

2004 பிறந்தபோது இலங்கையில் இரண்டு வருடமாகப் போர் ஓய்ந்திருந்தது. நோர்வே நடுவில் நின்று பேச்சு நடத்தியது. ஆனால் கொழும்பில் சனாதிபதியும் பிரதமரும் இரண்டு கட்சி, இரண்டு வழி. சனாதிபதி பிரதமரின் அமைச்சுகளைப் பறித்தார்; மாசி மாதம் பாராளுமன்றத்தையும் கலைத்தார். அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று தெரியாத அந்த நேரத்தில், மார்ச் தொடக்கத்தில், யாரும் கனவிலும் நினைக்காதது நடந்தது. தனிநாட்டுக்காகப் போராடிய இயக்கத்தின் கிழக்குத் தளபதி, வடக்கே வன்னியில் இருந்த தலைமையோடு முறித்துக்கொண்டார். மட்டக்களப்பும் அம்பாறையும் இனித் தனி நிர்வாகம் என்றார். போரில் சாவது எங்கள் பிள்ளைகள், பதவி எல்லாம் வடக்காருக்கா என்று கேட்டார். மட்டக்களப்பில் ஊர்வலம் போனது, கடைகள் மூடப்பட்டன, யாழ்ப்பாண வியாபாரிகளை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். நோர்வேத் தொலைக்காட்சியில் தீவின் படத்தைப் போட்டுக் கிழக்குப் பக்கத்துக்கு வேறு நிறம் பூசிக் காட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இந்திரகுமார், ஸ்தொவ்னரில் இருந்த கனகரத்தினத்தின் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடிந்ததும் பூமணியும் மகள் தனுசியாவும் எழும்பிப் போக, இருவரும் மேசையில் மிஞ்சினார்கள்.

"நீ என்ன நினைக்கிறாய் மச்சான்?" என்று கேட்டான் இந்திரகுமார்.

கனகரத்தினம் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். பிறகு மனதில் இருந்ததைச் சொன்னார். "கேக்கிறதில ஞாயம் இல்ல எண்டு என்னால சொல்ல ஏலாது. ஆனா அவர் கேக்கிற மாதிரி பிழை. ரெண்டு பகுதியும் அடிபட்டா ரெண்டு பக்கமும் சாகிறது எங்கட புள்ளைகள்தான். எனக்கு நித்திரையே இல்ல இந்திரன். தங்கச்சிட மூத்தவள், சிவமலர், அவருக்குக் கீழதான் நிக்கிறாள். கரடியனாற்றில காயக்காரருக்கு மருந்து கட்டுற வேலை. அவளா விரும்பிப் போனவள் இல்ல. வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டுக் கூட்டிப் போனதுதான்."

இதை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இந்திரகுமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இது என்னோட இருக்கும்" என்றான்.

மறுநாள் வானொலியில் வாசிக்கக் கொடுத்த செய்தித் தாளில் கிழக்குத் தளபதியின் பெயருக்கு முன்னால் ஏழு இடத்தில் துரோகி என்று எழுதியிருந்தது. கனகரத்தினம் ஏழு இடத்திலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாசித்தார். வாசித்து முடித்து வெளியே வந்தபோது, தேநீர் கொடுப்பவர்கூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்திரகுமார் மட்டும் கூடவே தெருவரை வந்தான்.

"ஒரு ரெண்டு கிழமை ஓய்வெடு மச்சான். சூடு தணியட்டும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்."

இரண்டு கிழமை ஓய்வில் வந்த இரண்டாவது ஞாயிறு, கனகரத்தினம் தன் வீட்டு அடுப்படியில் இருந்து வானொலி கேட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக. வேறொருவர் வாசித்தார். செய்தி முடிந்ததும், "நோர்வே வாழ் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மக்கள் விடுக்கும் அறிக்கை" என்று தொடங்கியது. தளபதியின் துரோகத்தைத் தாங்கள் வன்மையாகக் கண்டிப்பதாகவும், அவர் எங்கள் மண்ணின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர் என்றும் போனது. பூமணி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அம்பிளாந்துறையைச் சேர்ந்த சிவமலர் போன்ற எமது உறவுகளின் பிள்ளைகள் தமது விருப்பத்துக்கு மாறாக அவரால் தடுத்து வைக்கப்பட்டுள்ளனர்" என்றது வானொலி. பிறகு கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் வந்தன. முதல் பெயர் ச. கனகரத்தினம், அறிவிப்பாளர்.

"நீங்களா?" என்றாள் பூமணி.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார், ஆனால் அவருக்கே அது ஓம் என்பது போலத் தெரிந்தது. தனுசியா கணினியைத் திறந்து பார்த்தாள். அறிக்கை அதற்குள் நாலு இணையத்தளங்களில் வந்துவிட்டது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தகப்பனின் பெயரை மட்டும் தட்டாமல் வாசித்தாள்.

செவ்வாய்க்கிழமை தங்கை நேசமணி தொலைபேசி எடுத்தாள். படுவான்கரையில் தொலைபேசி இல்லை. வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வந்து நின்று எடுத்தாள்.

"அண்ண, என்ன வேலை செஞ்சிங்க? எங்கட புள்ளட பேர ஏன் அதில போட்ட? நேத்து தளபதிட ஆக்கள் வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க. உன்ர அண்ணன் வெளிநாட்டில இருந்து வன்னிக்கு வால் பிடிக்கிறானா எண்டு கேக்கிறாங்க. அவள மருந்து கட்டுற இடத்தில இருந்து எடுத்துட்டாங்களாம். வன்னிப் படை வரும் எண்டு காத்து நிக்கிற வெருகல் ஆத்துப் பக்கம், முன்னுக்குக் கொண்டுபோய் விட்டிருக்காம்."

"நான் போடல்ல தங்கச்சி."

"உங்கட பேர்தானே முதலாவதா இருக்கு?"

"நான் போடல்ல."

அவள் அழவில்லை. காசு முடியப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் வேலை முடிந்த சீருடையோடு கனகரத்தினம் குறொன்லாண்டுக்குப் போனார். இந்திரகுமார் நிலவறையில் தனியே இருந்து ஒலிநாடாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கத்திச் சண்டை பிடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர், உள்ளே போனதும் மெல்லத்தான் கதைத்தார்.

"அவள வெருகலுக்கு அனுப்பிட்டாங்க இந்திரன்" என்றார்.

இந்திரகுமாரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு தன்னைச் சரிப்படுத்திக்கொண்டான். "உன்னைக் காப்பாத்தத்தான் மச்சான் உன்ர பேரைப் போட்டனான். நீ அந்தச் சொல்லை விட்டு வாசிச்ச பிறகு, இஞ்சை என்ன கதை நடந்தது எண்டு உனக்குத் தெரியுமே? உன்னை மேடையில ஏத்தக் கூடாது, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில வைச்சிருக்கக் கூடாது எண்டு நிண்டவை. நான்தான், அவன் எங்கடை ஆள், அவன்ர பேரே முதலாவதா வரும் எண்டு சொல்லி அடக்கினனான்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ ஓம் எண்டிருப்பியே?"

"இல்ல எண்டிருப்பன்."

"அதுதான் கேக்கேல்லை." இந்திரகுமார் பக்கத்தில் வந்தான். "கிர்க்கெனெஸிலை உனக்காகக் கையெழுத்து வைச்சனான். அண்டைக்கும் உன்னைக் கேட்டிட்டோ வைச்சனான்?"

"அண்டைக்கு நான் மயக்கத்தில கிடந்த. இண்டைக்கு நான் முழிச்சிருக்கன்." கனகரத்தினம் மூச்சை இழுத்து விட்டார். "என்ர பேர் போகட்டும். அந்தப் புள்ளட பேர ஏன்ரா எழுதின? அதை நான் உன்னட்டத்தானே சொன்ன நான்?"

இந்திரகுமார் திரும்பி ஒலிநாடாக்களை அடுக்கத் தொடங்கினான். அறிக்கைக்கு ஒரு உண்மைப் பெயர் இருந்தால் நம்புவார்கள் என்று யாரோ சொன்னதாக மெல்ல ஏதோ சொன்னான். வரும் ஞாயிறு ஒலிவாங்கியில் ஒரு நிமிடம் தரச் சொல்லிக் கேட்டார் கனகரத்தினம். நான் கையெழுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன் என்றார். அது முடியாது என்றான் இந்திரகுமார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்து ஒரு கடிதம் எழுதினார். அந்த அறிக்கையில் நான் கையெழுத்திடவில்லை, யாருடைய பக்கமும் நான் இல்லை, தயவுசெய்து அடிபடாதீர்கள். அவ்வளவுதான் சாரம். தனுசியா அதைப் பல தளங்களுக்கு அனுப்பினாள். ஒரேயொரு தளம்தான் போட்டது. அது வன்னிக்கு எதிரானவர்கள் நடத்திய தளம். கடைசி இரண்டு வசனத்தையும் வெட்டிவிட்டு, "நோர்வே அறிவிப்பாளர் கிழக்கின் எழுச்சிக்கு ஆதரவு" என்று தலைப்புப் போட்டு, பழைய கலைவிழாப் படம் ஒன்றையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

அதன் பிறகு ஒஸ்லோ அவர் குடும்பத்துக்குச் சின்னதாகிவிட்டது. குறொன்லாண்டில் வல்லாரை வந்தால் பூமணிக்கென்று எடுத்து வைக்கும் கடைக்காரர், அவளைக் கண்டதும் உள்ளே போய்ச் சாமான் அடுக்கத் தொடங்கினார். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா நாடகத்தில் தனுசியாவின் பாத்திரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். "எனக்கு நாடகம் ஒண்டும் பெரிசில்ல அப்பா" என்றாள் அவள். ஆனால் அந்த உடுப்பை மடித்து அலமாரிக்குள் வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து நகரமான திராமனில் இருந்த மட்டக்களப்பார் இருவர் தொலைபேசியில் எடுத்து, "நல்லா நிமிர்ந்து நிண்டிங்க அண்ண" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவருக்கு ஏச்சை விடக் கூடச் சுட்டது.

ஏப்ரலில் தேர்தல் நடந்து கொழும்பில் ஆட்சி மாறியது. அதற்கு அடுத்த கிழமை பெரிய வெள்ளி. ஒஸ்லோவில் அன்று தெருவில் காகம்கூட இல்லை. நோர்வேக்காரர் எல்லோரும் பனிச்சறுக்கப் போய்விட்டார்கள். கனகரத்தினம் வெறும் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தரிப்பில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தபோது தனுசியா செய்தி அனுப்பியிருந்தாள். வன்னிப் படை வெருகல் ஆற்றைத் தாண்டிவிட்டது. அவர் சிறிது நேரம் கைப்பிடியில் கை வைக்காமல் இருந்தார். பிறகு நேரம் வந்ததும் ரயிலைத் திருப்பி ஓட்டினார். வேறென்ன செய்ய?

சண்டை நாலு நாளில் முடிந்தது. மண்ணைக் காப்பாற்றுவேன் என்று சொன்ன தளபதி தன் படையைக் கலைத்து, முகாம்களில் நின்ற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நம்பிக்கையான சிலரோடு ஊரை விட்டே போய்விட்டார். கொழும்பில் இருக்கிறார் என்றார்கள். இத்தனைக்கும் பிறகு அங்கேயா போனார் என்று கனகரத்தினத்துக்குத் தாங்க முடியவில்லை. ஒரு பக்கம் தன் பெயரைத் திருடியது. மற்றப் பக்கம் தன் கடிதத்தைத் திருடியது. யாருக்காகத் திருடினார்களோ அவர்களுக்கே அந்தப் பிள்ளைகள் ஒரு பொருட்டில்லை.

சிவமலர் உயிரோடு வந்தாள். இடது கையில் இரண்டு விரல் இல்லை. காட்டு வழியே மூன்று நாள் நடந்து, பிறகு ஒரு உழவு இயந்திரத்தில் ஏறி ஊருக்கு வந்திருந்தாள். மே மாதம் தாயோடு களுவாஞ்சிக்குடிக்கு வந்து அவளே எடுத்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டார்.

"எப்பிடி இருக்க புள்ள?"

"இருக்கன் மாமா."

"கை நோகுதா?"

"நோகல்ல. எனக்குப் பக்கத்தில நிண்ட புள்ளைக்குத்தான்..." அவள் நிறுத்தினாள். "முன்னுக்கு நிண்ட எங்கள நில்லுங்க எண்டுட்டு அவர் போயிட்டார் மாமா. மறுகாத்தான் தெரியும் போயிட்டார் எண்டு."

கனகரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, ஒண்டு கேப்பன். கோவிக்கப்படாது. நீங்க ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்த ஆளாமே? எங்கட பொறுப்பாளர் அந்த அறிக்கைய வாசிச்சுக் காட்டித்தான் என்னை முன்னுக்கு அனுப்பின."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இந்திரகுமார், சனிக்கிழமைச் சாப்பாடு, கடிதம், வெட்டிய வசனங்கள். சொல்லச் சொல்ல அது நம்ப முடியாத கதையாகத் தன் காதுக்கே கேட்டது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். "சரி மாமா" என்றாள் கடைசியில். நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ சொல்லவில்லை.

டிசம்பர் இருபத்தாறாம் திகதி கடல் பொங்கியது. படுவான்கரை வாவிக்கு அப்பால் இருந்ததால் நேசமணி வீட்டார் தப்பினார்கள். ஆனால் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இருபத்தெட்டாம் திகதி பகல் வாசல் மணி அடித்தது. இந்திரகுமார் நின்றான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, கையில் ஒரு கட்டுத் தாள்.

"வானொலி மூண்டு நாளா நிக்காமல் போகுது. மட்டக்களப்பிலயிருந்து பேருகள் வந்து கொண்டே இருக்கு. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் எங்களட்ட இல்லை. ஊர்ப் பேருகளையே பிழையா வாசிக்கிறாங்கள். சனம் எடுத்து அழுது. நீ வா மச்சான். எனக்காக இல்லை."

பூமணி போக வேண்டாம் என்றாள். அவர் சப்பாத்தைப் போட்டார்.

நாலு மணித்தியாலம் வாசித்தார். கல்லாறு, களுதாவளை, நாவலடி, டச்பார், மட்டக்களப்புத் திருச்செந்தூர். குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். தன் கூடப் படித்த இருவரின் பெயரும் வந்தன. அவற்றையும் மற்றவை போலவே தெளிவாக, அவசரப்படாமல் வாசித்தார். முடித்து எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறும்போது பின்னால் ஒலிபெருக்கியில் இந்திரகுமாரின் குரல் கேட்டது.

"இந்தத் துயரமான நேரத்திலும் எமக்கு ஒரு ஆறுதல். தவறான வழிநடத்தலால் சில காலம் எம்மைப் பிரிந்திருந்த அறிவிப்பாளர் கனகரத்தினம் அவர்கள், இன்று மீண்டும் எம்மோடு..."

கனகரத்தினம் படியிலிருந்து இறங்கினார். கதவைத் தள்ளி உள்ளே போனார். ஒலிவாங்கியில் இன்னும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்திரகுமாரைத் தள்ளவில்லை, தொடவுமில்லை. பக்கத்தில் குனிந்து, மேசையில் கையை ஊன்றி, தன் வீட்டுத் தமிழில் சொன்னார்.

"நான் கனகரத்தினம். செத்த சனத்திட பேர் வாசிக்கத்தான் வந்த நான். சேர வரல்ல. மார்ச் மாதத்து அறிக்கையில நான் கையெழுத்து வெக்கவும் இல்ல."

யாரோ பாட்டுப் போட்டார்கள். அவர் வெளியே வந்து, பனியில் நடந்து ரயில் நிலையத்துக்குப் போனார்.

அன்று மாலை வீட்டுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. ஒன்று ஏசுவதற்கு. ஒன்று யாரென்று சொல்லாமல் அழுத ஒரு பெண். மூன்றாவது ஸ்தவாங்கரில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து என்ஜினியர். "நீங்கள் கையெழுத்து வைச்சிருக்க மாட்டியள் எண்டு நான் அப்பவே நினைச்சனான் அண்ணை" என்றார். அப்பவே நினைத்தவர் ஏன் அப்பவே எடுக்கவில்லை என்று கனகரத்தினம் கேட்கவில்லை.

இந்திரகுமார் பிறகு அவரோடு கதைக்கவே இல்லை. ஒருமுறை ரயில் மேடையில் கண்டும் காணாத மாதிரி நின்றான். கனகரத்தினம் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தார், கதவுகள் மூடியதும் ரயிலை எடுத்தார்.

விட்டுப் போன பிள்ளைகளை இயக்கம் மீண்டும் தேடிப் பிடிக்கத் தொடங்கியதால், 2005 பங்குனியில் சிவமலரைக் கட்டாருக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். இடது கையில் மூன்று விரலோடு வேலை செய்வாளா என்று முகவர் இழுத்தடித்தான், கடைசியில் ஏற்றுக்கொண்டான். கொழும்பிலிருந்து புறப்படும் முன் அவள் மாமாவுக்கு எடுத்தாள். அவர் மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினார். வானொலியில் தான் பேசியதைச் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காக வைத்திருந்தார்.

"அத விடுங்க மாமா" என்றாள் சிவமலர். "ஆர் எழுதினாலும் போன புள்ளைகள் போனதுதான். விமானத்துக்குள்ள குளிருமாம். கம்பளி தருவாங்களா?"

தருவார்கள், கேட்டால் இரண்டாவதும் தருவார்கள் என்றார் கனகரத்தினம்.